வயித்துல அயோர்ட்டா வீக்கம்: சைஸ் மட்டும் பார்த்தா போதுமா? கேளுங்க, சொல்றேன்

அயோர்ட்டாங்கறது இதயத்துலேருந்து ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், அது ஒரு இடத்துல வீங்கினா அனியூரிசம். அந்த வீக்கத்தோட சுவர்ல எந்த இடத்துல இழுவை அதிகம்னு சிடி ஸ்கேனை வச்சு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறதுதான் என் வேலை. டாக்டர் இல்ல, அதனால ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 4.6 சென்டிமீட்டர். 5.5 வரட்டும், அதுவரைக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்ங்கறார் டாக்டர். சும்மா விட்டுடறாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: சும்மா விடல தம்பி. அந்த இடத்துல அயோர்ட்டா சாதாரணமா 2 சென்டிமீட்டர்தான் இருக்கும், 3 தொட்டா அனியூரிசம். 4லேருந்து 5.5க்குள்ள இருக்கவங்கள ரெண்டு குரூப்பாப் பிரிச்சு பிரிட்டன்லயும் (1998ல ரிசல்ட்) அமெரிக்காவுலயும் (2002) பார்த்தாங்க, உடனே ஆபரேஷன் பண்ணவங்களும் ஸ்கேன் பண்ணிக்கிட்டே காத்திருந்தவங்களும் உயிரோட இருந்த கணக்குல வித்தியாசம் இல்ல. அப்பாவோட ஸ்கேன் தேதிய மட்டும் தவற விட்டுடாதீங்க. பொம்பளைங்களுக்கு சின்ன சைஸ்லயே வெடிக்கும், அதான் அவங்களுக்கு 5னு வச்சிருக்காங்க.

கேள்வி: அப்போ 5.5க்குக் கீழ வெடிக்கவே வெடிக்காதா?

பதில்: வெடிச்சிருக்குங்க. 7, 8 ஆகியும் வெடிக்காம இருந்ததும் உண்டு. சைஸ் பாதி கதைதான். ரத்த அழுத்தத்தை ஆரத்தால பெருக்கி சுவர் தடிமனால வகுத்தா சுவர்ல வர்ற இழுவை கிடைக்கும், நாங்க ஸ்ட்ரெஸ்னு சொல்றது. பிபி 120ன்னா 16 கிலோபாஸ்கல், தடிமன் 1.5 மில்லிமீட்டர்னு வைங்க, 2 சென்டிமீட்டர் குழாய்ல (ஆரம் அதுல பாதி, 1) 107 கிலோபாஸ்கல் வரும், அதே 5.5 ஆனா 293. ஆனா நிஜ அனியூரிசம் நேரான குழாயா இருக்காது, ஒரு பக்கம் புடைச்சு நெளிஞ்சு இருக்கும், அதனால ஒரே சைஸ் உள்ள ரெண்டு பேருக்கு உச்ச ஸ்ட்ரெஸ் வேற வேற வரும். அதைப் பிடிக்கத்தான் ஃபைனைட் எலிமெண்ட் கணக்கு, அதாவது சுவரைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஸ்ட்ரெஸ் போடுறது. அந்த ஸ்ட்ரெஸ்ஸ, அதே இடத்துல சுவர் எவ்ளோ தாங்குமோ அதால வகுக்கணும், வர்ற விடை 1ஐ நெருங்க நெருங்க ஆபத்து.

கேள்வி: உள்ள ரத்தக்கட்டி இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. அது மெத்தை மாதிரி காப்பாத்தும்னு சொல்றாங்களே?

பதில்: இழுவையக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனா தடியா படிஞ்சா பின்னாடி இருக்க சுவருக்கு ஆக்சிஜன் சரியா போகாது, சுவர் பலம் குறையும். அதனால கட்டி இருக்கே, பாதுகாப்புன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

கேள்வி: இந்த ஸ்ட்ரெஸ் கணக்கு இவ்ளோ நல்லதுன்னா எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஏன் பண்ணல?

பதில்: சுவர் தடிமன் சிடில சரியாத் தெரியாது, ஒரு நம்பர் வச்சுக்கிட்டுதான் போடுறோம். சுவரோட பலத்த வெட்டி எடுத்து இழுத்துப் பார்த்தாத்தான் அளக்க முடியும், உயிரோட இருக்கவங்ககிட்ட அது நடக்குமா? ஆணா பெண்ணா, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா, இதெல்லாம் வச்சு மதிப்பீடுதான். எனக்கு இந்த முறை மேல நம்பிக்கை இருக்கு, ஆனா இப்போதைக்கு டாக்டர் முடிவுக்குத் துணையா நிக்கணுமே தவிர 5.5ஐத் தூக்கிப் போட முடியாது.

கேள்வி: அப்பா பீடிய விடமாட்டேங்கறாருக்கா.

பதில்: எப்படியாவது பேசி விட வைங்க தம்பி, வீக்கம் வேகமா வளர்றதுக்கும் வெடிக்கறதுக்கும் பெரிய காரணம் புகைதான். பிபி மாத்திரையும் விடக்கூடாது. திடீர்னு வயித்துலயோ முதுகுலயோ பொறுக்க முடியாத வலி, வேர்வை, மயக்கம்னா வாயுன்னு நினைச்சு கஷாயம் கொடுத்துட்டு உக்காந்திராம உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, அனியூரிசம் இருக்குன்னு வாசல்லயே சொல்லிடுங்க.