புத்தக மதிப்புக்குக் கீழே விற்கும் சிறிய வங்கிப் பங்கை வாங்கலாமா?

கேள்வி: ஒரு சிறிய வங்கியின் பங்கு, புத்தக மதிப்பு 100 என்றால் 60-க்குக் கிடைக்கிறது. வங்கி லாபத்தில்தான் ஓடுகிறது, டிவிடெண்டும் தருகிறது. சேமிப்பில் ஒரு பகுதியை இதில் போடலாமா?

பதில்: புத்தக மதிப்பு என்றால், வங்கியின் சொத்திலிருந்து அது தரவேண்டியதைக் கழித்து ஒரு பங்குக்கு மிஞ்சுவது. 60 மலிவா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த 100 உண்மையிலேயே 100-தானா என்று பாருங்கள். வங்கியின் சொத்தில் பெரும்பகுதி, பிறரிடமிருந்து திரும்பி வரவேண்டிய கடன். அதில் எவ்வளவு வரும் என்று முதலில் மதிப்பிடுவது வங்கி நிர்வாகம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். வங்கியின் சொந்த மூலதனம் 100, கொடுத்திருக்கும் கடன் 800. நிகர வாராக்கடன், அதாவது திரும்பாமல் நிற்கும் கடனில் நஷ்டத்துக்கென ஏற்கெனவே ஒதுக்கியது போக மிச்சம், 4 சதவீதம் என்கிறது அறிக்கை. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் 800-ல் 4 சதவீதம் 32. அதில் ஒரு பைசாகூடத் திரும்பவில்லை என்றால் உங்கள் 100, 68 ஆகிவிடும். அப்புறம் 60 என்ற விலையில் பெரிய தள்ளுபடி எங்கே இருக்கிறது? ஈடு இருந்தால் கொஞ்சம் மீளும், சரி. ஆனாலும் நிகர வாராக்கடனைக் கடனோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், மூலதனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாராக்கடன் விகிதம் குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள். வசூலாகிக் குறைவது ஒன்று. கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தாலும் குறையும். தவணையை மாற்றிக் கொடுத்தாலும் குறையும். வேகமாகப் புதுக்கடன் கொடுத்தாலும் குறையும், ஏனென்றால் புதுக்கடன் முதல் வருடமே கெடுவது அரிது. கடன் வளர்ச்சி திடீரென்று எகிறியிருக்கும் சிறிய வங்கியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

சிறிய வங்கிக்கே உரிய ஆபத்து, ஒரே கூடையில் குவிவது. மிகப் பெரிய 20 கடன்காரர்களிடமும் மிகப் பெரிய 20 டெபாசிட்தாரர்களிடமும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது பல வங்கிகளின் ஆண்டறிக்கையில் இருக்கும், தேடிப் படியுங்கள். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி சிறியதே அல்ல. ஆனால் அதன் டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு திருப்பித் தரும் வரம்பைத் தாண்டிய பணம், பெரும்பாலும் ஒரே துறைக்காரர்கள் போட்டது. வட்டி ஏறி, கையிலிருந்த பத்திரங்களின் விலை இறங்கியிருந்தது. அவற்றை நஷ்டத்துக்கு விற்றதாக அறிவித்த மறுநாள், 2023 மார்ச் 9-ல், 4,200 கோடி டாலர் வெளியேறியது. அடுத்த நாள் வங்கியே மூடப்பட்டது. டெபாசிட் போட்டவர்களை அரசு காப்பாற்றியது, பங்குதாரர்களைக் காப்பாற்றவில்லை.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. மூலதனம் பற்றாமல் போனால் வங்கி புதுப்பங்கு வெளியிட்டாக வேண்டும். 10 பங்குகள், புத்தக மதிப்பு தலா 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 விலையில் மேலும் 5 பங்குகள் விற்றால் மொத்தம் 1,300, பங்குக்குச் சுமார் 87. ஒரு கடன்கூடக் கெடாமலே உங்களுக்கு 13 போய்விட்டது. அதனால் மூலதன விகிதம், அதாவது ஆபத்துள்ள சொத்துக்கு எதிரே வங்கியின் மூலதனம் எத்தனை சதவீதம் என்பது, குறைந்தபட்ச வரம்புக்கு மேல் எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பது முக்கியம்.

டிவிடெண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். கெடக்கூடிய கடனுக்காக லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் ஒதுக்கீட்டைக் குறைத்துக் காட்டினாலே லாபமும் டிவிடெண்டும் வந்துவிடும்.

நானாக இருந்தால் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்து, தள்ளுபடி செய்த கடன், ஒதுக்கீடு, புதுப்பங்கு வெளியீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதுவேன். மூன்றும் அளவோடு இருந்தால் சிறிய தொகை போடலாம். தினசரி வர்த்தகம் குறைவான பங்கு என்றால் அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காது. அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.