எல்லாவற்றையும் விடச் சொல்கிறார் அவள் அப்பா

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இப்போது டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் கிரேடு. இந்த வருடம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு அவளை ஆர்.சி.எல். என்ற மாணவர் பிரதிநிதிகள் மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது போக இன்டராக்ட் கிளப், விவாதக் குழு, பள்ளி ஆண்டு மலர் வேலை என்று ஓடிக்கொண்டே இருக்கிறாள். கணக்கில் 74 வாங்கியவள் போன டேர்மில் 63. அவள் அப்பா, “எல்லாத்தையும் விட்டுட்டுப் படிக்கிற வழியைப் பாரு” என்று ராஜினாமாக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டார். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் யார் பக்கம் பேசுவது?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் யார் பக்கமும் பேச வேண்டாம். உங்கள் மகள் மூன்றை விடட்டும், ஒன்றை மட்டும் விடக் கூடாது. அந்த ஒன்று ஆர்.சி.எல்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயத்தைப் பேசிவிடுவோம். அதில் நியாயம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு முதலில் பார்ப்பது பாட மதிப்பெண்ணில் இருந்து வரும் ஏ.பி.எஸ். என்ற சேர்க்கைப் புள்ளிகளைத்தான். 70 முதல் 79 வரை வாங்கினால் 6 புள்ளி, 60 முதல் 69 வரை வாங்கினால் 5. ஆக அந்த 74, 63 ஆனதில் ஒரு புள்ளி போய்விட்டது. எத்தனை கிளப்பில் இருந்தாள் என்பது அந்தக் கூட்டலில் வராது. சில உதவித்தொகைப் படிவங்களில் தலைமைப் பொறுப்பு பற்றிக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அலுவலகமான சி.ஏ.ஓ. வழியாக விண்ணப்பிக்கும்போது எடுத்துக்கொள்வது பதினோராம் கிரேடு இறுதி மதிப்பெண்ணை, பிறகு மெட்ரிக்கை, அதாவது பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வை. அவள் இப்போது பத்தாவதில்தான் இருக்கிறாள். விழுந்ததை எடுத்து நிறுத்த நேரம் இருக்கிறது. கணக்குக்கு டியூஷன் வேண்டுமென்றால் இந்த டேர்மிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள், பதினொன்று வரட்டும் என்று இருக்காதீர்கள்.

அவர் தவறிய இடம், நான்கையும் ஒரே கணக்கில் சேர்த்ததுதான்.

இன்டராக்ட் என்பது ரோட்டரி சங்கம் 12 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நடத்துவது. நல்ல காரியம்தான், விருப்பப்பட்டுச் சேர்வது, விருப்பப்பட்டு விலகலாம். விவாதக் குழுவும் ஆண்டு மலரும் அப்படித்தான். ஆர்.சி.எல். அப்படியில்லை. 1996ஆம் ஆண்டின் 84ஆம் எண் சட்டமான தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், எட்டாம் கிரேடும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மாணவர் பிரதிநிதிகள் மன்றம் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மாணவர்கள் சார்பில் பேச அங்கீகாரம் பெற்ற ஒரே அமைப்பும் அதுதான். இந்த நாட்டில் அது சும்மா வந்துவிடவில்லை. 1976 ஜூன் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், சுடப்பட்டார்கள். அதற்குப் பிந்திய பத்து வருடங்களில், ஆசிரியர்கள் பார்த்து நியமிக்கும் பிரிஃபெக்ட் என்ற மாணவத் தலைவர் போதாது, நாங்களே தேர்ந்தெடுக்கும் மன்றம் வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி எழுந்த கோரிக்கை. உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அந்த வழியில் வந்தது.

“மாணவர் தேர்தல்” என்றதும் ஊரில் பார்த்த கல்லூரிச் சண்டை உங்கள் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பள்ளி ஆர்.சி.எல்.லின் அன்றாடம் அதுவல்ல. அதன் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் ஆசிரியையாக இருந்தபோது ஆறு வருடம் அந்த மன்றத்தின் பொறுப்பாசிரியையாக இருந்தவள்.

ஒரு வருடம் ஒன்பதாம் கிரேடில் இருந்து ஒரு பெண் வந்தாள். வாய் திறந்து பேச மாட்டாள், ஏன் இவளுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று நானே நினைத்தேன். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததால் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் போவார்கள், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. இவள் இடைவேளையில் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். “கதவு 1: இல்லை. கதவு 2: இருக்கிறது, விழாது. கதவு 3: கதவே பாதிதான்.” கூட்டத்தில் அதை வாசிக்கும்போது அவள் கை நடுங்கியதில் தாள் சலசலத்தது எனக்குக் கேட்டது. பணம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது கூட்டம் முடிந்த வாரம் தாழ்ப்பாள் போட்டார்கள். எட்டாம் கிரேடுப் பிள்ளைகள் அவளைப் பார்த்து, “தேங்க்யூ அக்கா” என்றபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். மேடையில் கோப்பை வாங்கிய எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்த முகம் வேறு.

அதைவிடப் பெரிய காரியமும் உண்டு. பள்ளியின் நடத்தை விதிகளை, மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரிடமும் கலந்து பேசித்தான் நிர்வாகக் குழு வகுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விதிகள் நம் வீட்டுப் பெண்களை எப்படித் தொடும் என்பதற்கு டர்பனிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்தாள், கழற்றச் சொன்னார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில், அவளுக்கு விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. மாணவர்களையும் பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் கலந்துகொண்டு விதிகளைத் திருத்துங்கள் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூக்குத்தியா, திருநீறா, தைப்பூசக் காவடிக்கு லீவா, எது வந்தாலும் அதைப் பேசும் இடத்தில் நம் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அவள் சாப்பிடாமல் இருப்பதன் காரணமும் இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்டராக்டை விடுவது அவளுக்கு வருத்தம். ஆனால் ஓட்டுப் போட்ட வகுப்பின் முன்னால் போய், “அப்பா வேண்டாம்னுட்டார்” என்று சொல்வது அவமானம். பதினைந்து வயதில் அது எளிதில் ஆறாது.

இனி செய்ய வேண்டியது. பொறுப்பாசிரியரிடம் கூட்டத் தேதிகளை வாங்கிச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மதிய இடைவேளையில் நடப்பவை எத்தனை, பள்ளி விட்ட பிறகு நடப்பவை எத்தனை என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். மாலைக் கூட்டம் இருக்கும் நாளில் டாக்ஸியில் தனியாக வர விடாதீர்கள். அதே மன்றத்தில் உள்ள பிள்ளைகளின் வீட்டாரோடு, முறை வைத்துக் காரில் கூட்டிவரும் லிஃப்ட் கிளப் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் மன்றத்தின் சார்பில் நிர்வாகக் குழுவுக்குப் போக அவளுக்கு ஆசை வரலாம். அந்தப் பதவி ஒரே வருடம்தான். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பள்ளிக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, அதனால் பண விவகாரம் தலைமேல் விழுமோ என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பதினொன்றாவதில் அதை எடுப்பதா என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து அப்போது முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லாரையும் கூட்டினாலும் பெற்றோர் அதைவிட ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வருடா வருடம் பள்ளியின் பட்ஜெட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்துத்தான் நிறைவேற்ற முடியும், அதற்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு வரும். அந்தத் தாள் மகளின் பையில் கசங்கிக் கிடக்கும், தேடிப் பாருங்கள். ஒரு தடவை அவர் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும். மகள் எதற்காக ஓடுகிறாள் என்பதை நீங்களோ நானோ சொல்வதைவிட அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு நன்றாகச் சொல்லும்.

ராஜினாமாக் கடிதத்தை அவள் எழுதட்டும், மூன்றாக. இன்டராக்டுக்கு ஒன்று, விவாதக் குழுவுக்கு ஒன்று, ஆண்டு மலருக்கு ஒன்று. வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம், நேரில் கொடுத்து, பாதியில் நிற்கும் வேலையை யாரிடம் ஒப்படைக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டு வரட்டும். இன்று ராத்திரி அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள்.