தம்பியோட ஊசிய தூக்கிப் போட்டுடட்டுமா?

வணக்கம்ங்க. குடியாத்தம் பக்கம் நாங்க, அம்மாவும் நானும் பீடி சுத்தறோம். தம்பிக்கு 22 வயசு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு போயிகினு இருந்தான், இப்ப அதுவும் இல்ல. வலி மாத்திரைய கரைச்சு நரம்புல ஏத்திக்கறான்னு போன வருஷம்தான் தெரிஞ்சுது, முழங்கை மடிப்புல நரம்பு கறுத்து கயிறு மாதிரி கீது. நைனா ஒரு போதை மீட்பு சென்டர்ல சேத்தாரு, அங்க கட்டிப் போட்டு அடிச்சிருக்காங்க, மூணு மாசம் கழிச்சு வந்தவன் பத்தே நாள்ல திரும்ப ஆரம்பிச்சுட்டான். நேத்து பீடி எலை மூட்டைக்குப் பின்னாடி துணில சுத்தின ஊசி கிடைச்சுது. தூக்கிப் போட்டுடட்டுமா? நைனா ரூம்ல வெச்சுப் பூட்டறேன்றாரு, இல்லாட்டி போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேன்றாரு.
- ஒரு அக்கா

தூக்கிப் போடாதம்மா. அது இல்லேன்னா அவன் விட்டுட மாட்டான், இன்னொருத்தன் குத்தின ஊசிய வாங்கிக் குத்திக்குவான், எச்ஐவியும் மஞ்சக்காமாலை சி-யும் அப்படித்தான் வருது. (1986ல நாட்டோட மொத எச்ஐவி சென்னைல எடுத்த ரத்தத்துல தெரிஞ்சுது, டெஸ்ட் பண்ணது நம்ம வேலூர்ல. இன்னும் மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சுகினுதான் இருக்கோம்.) யாருதும் வாங்காத, உன்னுத குடுக்காதன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லு. ஜிஎச்ல நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட் ஃப்ரீயா பண்றாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க.

எனக்கு பயம் வேற ஒண்ணு. மூணு மாசம் விட்ட ஒடம்பு பழைய அளவ தாங்காது. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாலும் இதே கததான், நைனாகிட்ட சொல்லு. மூச்சு மெதுவாயி, ஒதடு நீலமாயி, கொறட்டை மாதிரி சத்தம் வந்து, உலுக்கினாலும் எழலன்னா தூங்கறான்னு விட்டுடாத, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு போன் போடு, மோரு எலுமிச்சைன்னு வாய்ல எதுவும் ஊத்தாத. ரூமப் பூட்டிட்டா இத பாக்க ஆளு இருக்காது.

நாக்குக்கடியில வெக்கிற புப்ரெநார்ஃபின் மாத்திரை இருக்கு, ஊசி போடறவங்களுக்கு கவர்மென்ட் சென்டர்ல ஃப்ரீ. ஊசி இல்லாதப்ப கொட்டாவி, மூக்கொழுகல், பேதின்னு அவன் துடிக்கிறது அடங்கும். போதைக்கு பதில் போதையான்னு நைனா கேப்பாரு, கேக்கட்டும், டாக்டர் கையில அளவு இருக்கறதும் சந்து முனையில வாங்கறதும் ஒண்ணாயிடாது. எங்க குடுக்கறாங்கன்னு 14446ல கேளு, கவர்மென்ட்டோட போதை மீட்பு ஹெல்ப்லைன் அது. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியோட பாகாயம் மனநல மையத்துல அட்மிட் பண்ணா வீட்டாளு கூடவே தங்கணும், அடி வாங்கி வந்த பையனுக்கு அதுவே பாதி தெம்பு.

எங்ககிட்ட ஒருத்தரு வர்றாரு, அவரும் ஊசி போட்டவருதான், இப்ப ஆட்டோ ஓட்டறாரு. தம்பிகிட்ட நானே பேசறேன்றாரு. தம்பி சரின்னா சொல்லு, வீட்டுக்கு வேணாம், தெருவுல கண்ணு ஜாஸ்தி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்துக்கட்டும்.