எம்பிஏ சரி, டாப்-அப் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 31. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு வருவது 56,000 ரூபாய். எம்பிஏ இருந்தால்தான் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக முடியும் என்கிறார்கள். வார இறுதி வகுப்பாக இரண்டு வருடப் படிப்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கட்டணம் 4 லட்சம். மொத்தமாகக் கட்டினால் 20,000 தள்ளுபடி. மூன்று வருடத்துக்கு முன்பு தங்கை கல்யாணத்துக்கு 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன், 14% வட்டி. போன வருடம் அதிலேயே டாப்-அப் (இருக்கும் கடன் மேலேயே கூடுதல் கடன்) போட்டு, மாப்பிள்ளையின் மொபைல் கடைக்கு 2 லட்சம் கொடுத்தேன். இப்போது மாதத் தவணை 9,300. வங்கியில் மறுபடியும் டாப்-அப் தருகிறார்கள், வரிச்சலுகையும் உண்டாம். எடுத்துப் படிக்கலாமா? மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு லட்சம் தேவை என்கிறார் அம்மா; அதையும் சேர்த்தே எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். படிப்பைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு, மாப்பிள்ளை விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பிரச்சினை இருப்பதே அங்கேதான்.

மூன்று வருடத்தில் தவணையாக மட்டும் சுமார் 2.8 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். வாங்கியது ஏறக்குறைய 5 லட்சம். இன்னும் 3.4 லட்சம் பாக்கி நிற்கிறது. அதாவது, வட்டிக்கு மட்டும் சுமார் 1.2 லட்சம் போய்விட்டது. முதல் கடன் பாதி குறையும் முன்பே டாப்-அப் போட்டதால், ஐந்து வருடக் கணக்கு திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. வங்கி ஏன் உங்களை இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறது என்று இப்போது புரிகிறதா?

சரி, மூன்றாவது முறையும் எடுத்தால்? வாடகை, குடும்பச் செலவு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 40,000 என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கு மிஞ்சுவது 16,000. படிப்புக்கு 3.8 லட்சம் சேர்ந்தால் கடன் 7.2 லட்சம், தவணை சுமார் 16,750. அங்கேயே துண்டு விழுகிறது. மாப்பிள்ளையின் ஒரு லட்சமும் சேர்ந்தால் தவணை 19,000-ஐத் தாண்டும். மாதாமாதம் விழும் 3,000 ரூபாய் பள்ளத்தை கிரெடிட் கார்டு வைத்து நிரப்புவீர்கள். அப்புறம் அடுத்த டாப்-அப்.

அந்த 20,000 தள்ளுபடியையும் பாருங்கள். 3.8 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். தள்ளுபடி என்று இதைச் சொல்லவே கூடாது.

வரிச்சலுகை என்று சொன்னவர் யாரோ தெரியவில்லை. கல்விக்கென்றே வாங்கும் கடனின் வட்டிக்குத்தான் அந்தக் கழிவு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நீங்கள் எடுப்பது பர்சனல் லோன். தவிர, புதிய முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. இல்லாத வரிக்கு என்ன சலுகை?

படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் இல்லாமல் படியுங்கள் என்கிறேன். இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொலைதூரக் கல்வியாக, எம்பிஏ மொத்தக் கட்டணமும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டினால் போதும். இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுத்து முடிக்கலாம் என்பதால், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு வசதி. இப்போதைய தவணை போக உங்களிடம் 6,700 மிஞ்சுகிறது. ஆறு மாதத்தில் 40,000. தாராளமாகப் போதும். ஆன்லைனில் வேறு எங்காவது சேர்வதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 'எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்', 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று தினமும் போன் வரும். முன்னது பெரும்பாலும் சான்றிதழ்தான், பட்டம் இல்லை. பின்னதும் உங்கள் பெயரில் ஏறும் கடன்தான். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை விடாது.

இனி மாப்பிள்ளை. தங்கை வீட்டுக்காரரிடம் பணம் கேட்பது நம் வீடுகளில் எவ்வளவு சங்கடம் என்று தெரியும். கொடுத்த 2 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆனால் இந்த ஒரு லட்சம் வேண்டாம். கடை அவருடையது, கடனும் அவர் பெயரில் இருக்கட்டும். முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமலே 'சிசு' பிரிவில் 50,000 வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை கடன் உண்டு. கடைக்கணக்கை எடுத்துக்கொண்டு அவர் வங்கிக்குப் போகட்டும். வங்கியே கொடுக்கத் தயங்கினால், நீங்களும் தயங்க வேண்டிய இடம் அது. அம்மாவிடம், "படிப்புக்குப் பணம் கட்டுகிறேன், இப்போது முடியாது" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. தீபாவளி போனஸில் பத்தாயிரம் தங்கைக்குக் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல்.

எங்கேயும் பணம் கட்டும் முன்பு, தொலைதூரக் கல்வி எம்பிஏவைப் பதவி உயர்வுக்கு ஏற்பார்களா என்று உங்கள் எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பதிலும் மெயிலிலேயே வரட்டும். கட்டணத்தில் ஒரு பங்கை கம்பெனி தருமா, தந்தால் எத்தனை வருடம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட் கேட்பார்கள் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.