மாதம் எவ்வளவு வந்தால் நடுத்தர வர்க்கம்? இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது?

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே தொகை கிடையாது. கோடு போடும் முறையே இரண்டு விதம்.

ஒன்று, அந்தந்த நாட்டின் நடு வருமானத்தை வைத்துப் பார்ப்பது. எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. சராசரி வேறு, பெரும் பணக்காரர்கள் சிலர் சேர்ந்தாலே அது ஏறிவிடும். அந்த நடு வருமானத்தில் 75 முதல் 200 சதவீதம் வரை உள்ளவர்களை நடுத்தரம் என்கிறது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி இரண்டு மடங்கில் நிறுத்துகிறது. 2022-இல் அங்கே மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 56,600 முதல் 1,69,800 டாலர் வரை வந்தது.

வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு பேர் இருந்தால் வருமானத்தை நாலால் வகுக்க மாட்டார்கள். நாலின் வர்க்கமூலமான இரண்டால் வகுப்பார்கள். வாடகையும் ஃபிரிட்ஜும் எல்லோருக்கும் பொதுதானே. ஆக, தனி ஆளாக 50 வாங்குபவரும் நாலு பேருக்கு 100 கொண்டு வருபவரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஆனால் ஏழை நாட்டில் நடுவில் நிற்கும் குடும்பமே வறுமைக் கோட்டை ஒட்டி இருக்கலாம். அங்கே இந்த முறை ஏமாற்றிவிடும். அதனால்தான் இரண்டாவது முறை: விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டு, நாளொன்றுக்கு ஒருவருக்கு இவ்வளவு டாலர் என்று வைப்பது. எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது, உலக வங்கி லத்தீன் அமெரிக்காவுக்கு 2005 விலைவாசியில் போட்ட கோடு: 10 முதல் 50 டாலர். அந்த 10 எப்படி வந்தது தெரியுமா? அந்த வருமானம் இருந்தால், ஐந்து வருடத்துக்குள் மறுபடி வறுமையில் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. 4 முதல் 10 டாலர் வரை உள்ளவர்கள் ஏழைகளும் அல்ல, நடுத்தரமும் அல்ல. எப்போது வேண்டுமானாலும் சறுக்கக்கூடியவர்கள்.

சீனப் புள்ளியியல் துறை மூன்று பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் முதல் 5 லட்சம் யுவான் என்கிறது. இந்தியாவில் பிரைஸ் ஆய்வு அமைப்பு, 2020-21 விலைவாசியில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 முதல் 30 லட்சம் ரூபாய் என்றது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் ஆறு மடங்கு வித்தியாசம்! இரண்டு பேரையும் ஒரே பெயரால் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே நாட்டுக்குள்ளும் இடம் மாறினால் கதை மாறும். போனும் பெட்ரோலும் எங்கேயும் ஏறக்குறைய ஒரே விலை. வீட்டு வாடகை அப்படி இல்லை. சிறிய ஊரிலிருந்து பெருநகரத்துக்கு அதே சம்பளத்தில் மாற்றலாகிப் போனவன் நான். வீட்டுக் கணக்கு நோட்டில் முதல் வரி எப்போதும் வாடகை. பழைய ஊரில் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்காக இருந்தது, புதிய ஊரில் பாதியைத் தொட்டது. கடைசி வரியான 'சேமிப்பு' மூன்றே மாதத்தில் காலியானது. அப்புறம் அம்மா பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த மாதம் நோட்டில் 'கைமாற்று' என்று புதிதாக ஒரு வரி எழுதினேன். அதை அடிக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் எந்தக் கணக்கெடுப்பு வந்திருந்தாலும் என்னை நடுத்தர வர்க்கம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.