டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், யு.எஸ். ஓப்பன்) ஏன் ஒரே இரண்டு மூன்று பேரே ஜெயிக்கிறார்கள்? டிரா, அதாவது யார் யாரோடு மோதுவார் என்ற அட்டவணை, வந்ததும் உண்மையான போட்டியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்கள் பிரிவில் முதல் காரணம் ஐந்து செட்: அதில் மூன்று செட் எடுப்பவர் ஜெயிப்பார், மூன்று செட் ஆட்டத்தில் இரண்டு எடுத்தால் போதும். மற்ற காரணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். எதிராளியோடு பத்து செட் ஆடினால் ஏழு செட்டை எடுத்துவிடக்கூடிய ஒருவர் இருக்கிறார். மூன்று செட் ஆட்டத்தில் அவர் ஜெயிக்க 78 சதவீத வாய்ப்பு. ஐந்து செட் என்றால் 84. ஆறு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 128 பேர் டிராவில் கோப்பைக்கு ஏழு ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். ஏழு தடவை பெருக்கிப் பாருங்கள்: மூன்று செட்டில் 18 சதவீதம், ஐந்து செட்டில் 29. பத்துக்கு எட்டு செட் எடுப்பவருக்கு அதுவே 46, 66 ஆகிறது. எல்லா எதிராளியும் ஒரே தரம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் அப்படி இருக்காது. ஆனாலும் மேலே இருப்பவனை ஐந்து செட் இன்னும் மேலே தள்ளும் என்பது மாறாது.

2003 விம்பிள்டனிலிருந்து 2023 யு.எஸ். ஓப்பன் வரை நடந்தவை 81 கிராண்ட்ஸ்லாம்கள். அதில் 66 ஃபெடரர் (20), நடால் (22), ஜோகோவிச் (24) மூவருக்கே. 2024, 2025 இரண்டு வருடத்து எட்டையும் சின்னரும் அல்காரசும் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டியவர்கள்தான் பாவம். தொண்ணூறுகளில் பிறந்த ஆண்களில் கிராண்ட்ஸ்லாம் வாங்கியவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு ஒன்று: தீம் (2020 யு.எஸ். ஓப்பன்), மெத்வதேவ் (2021 யு.எஸ். ஓப்பன்).

இவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தோற்ற இறுதிப் போட்டிகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 2020 யு.எஸ். ஓப்பனில் ஸ்வெரெவ், 2021 பிரெஞ்சு ஓப்பனில் சிட்சிபாஸ், 2022, 2024 ஆஸ்திரேலியாவில் மெத்வதேவ்: நாலு தடவையும் முதல் இரண்டு செட்டை எடுத்துவிட்டுத் தோற்றார்கள். மூன்று செட் ஆட்டமாக இருந்தால் நான்கும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியும் இதே கதைதான், அங்கே கைவிட்டவர் சின்னர்.

எங்கே நழுவுகிறது? 2022 மெல்பர்னில் மூன்றாவது செட், நடால் 2-3 என்று பின்தங்கி சர்வ் செய்கிறார், ஸ்கோர் 0-40. மெத்வதேவுக்கு மூன்று பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு. அதில் ஒன்று விழுந்திருந்தால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. மூன்றும் போனது, கேமும் போனது, ஐந்தாவது செட்டில் 7-5 என்று கோப்பையும் போனது. 2025 பாரிசிலும் அதே 0-40. நான்காவது செட், 3-5, சர்வ் அல்காரஸ் கையில், எதிரே மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே சின்னருக்குக் கோப்பை. மூன்றையும் தாண்டி, அடுத்த கேமில் சின்னரின் சர்வையும் உடைத்தார். 5 மணி 29 நிமிடம் ஓடி, கடைசி டை-பிரேக் 10-2. பின்தங்கியவருக்குத் திட்டத்தை மாற்ற இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. முன்னால் இருப்பவர் அதே வேகத்தை அந்த ஒரு மணி நேரமும் பிடிக்க வேண்டும்.

பிடிக்க முடியாததற்குப் பெரும்பாலும் காரணம் இறுதிக்கு முந்தைய சுற்றுகள். 2024 ஆஸ்திரேலியாவில் மெத்வதேவ் இறுதிக்கு வருவதற்குள் மூன்று ஐந்து செட் ஆட்டம் ஆடியிருந்தார். இரண்டாவது சுற்று முடிந்தபோது மணி அதிகாலை 3.40. சின்னரோ இறுதிக்கு முன் இழந்தது ஒரே ஒரு செட், அதுவும் ஜோகோவிச்சிடம். நீண்ட ராலி ஆடினால் தாங்காது என்று மெத்வதேவுக்கே தெரியும், அதனால்தான் வழக்கமாக வெகுதூரம் பின்னால் நிற்பவர் அன்று முன்னேறி வந்து அடித்தார். இரண்டு செட் தாங்கியது.

பெண்கள் பிரிவில் மூன்று செட் என்பதால் படமே வேறு. 2016 முதல் 2025 வரை விம்பிள்டன் ஒன்பது தடவை நடந்தது, 2020-இல் இல்லை. சாம்பியன்கள் ஒன்பது பேர், ஒருவர்கூடத் திரும்ப வரவில்லை. ஆனாலும் ஸ்வியாடெக் 2020-க்கும் 2024-க்கும் நடுவே பிரெஞ்சு ஓப்பனை நான்கு தடவை எடுத்தார். செட் எடுக்கும் விகிதம் போதுமான அளவு உயர்ந்துவிட்டால் மூன்று செட்டும் தடுக்காது.

இன்னும் இரண்டு காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் ஆரம்பச் சுற்றுகளிலேயே மோதாதபடி பிரித்து வைக்கக் கொடுக்கும் எண்தான் சீடு. 2001 விம்பிள்டனிலிருந்து அது 16-இலிருந்து 32 ஆனது, அதனால் மேல்தட்டுக்காரர்கள் மூன்றாவது சுற்றுவரை சீடு பெற்ற யாரையும் சந்திப்பதில்லை. அதே வருடம் விம்பிள்டன் புல்லை முழுக்க ரை புல்லாக மாற்றினார்கள். பந்து கொஞ்சம் மேலே எழும்ப, பின்கோட்டில் நின்று ஆடுபவருக்கும் அங்கே வழி பிறந்தது. அதற்கு முந்தைய காலத்தில் 14 கிராண்ட்ஸ்லாம் வாங்கிய சாம்ப்ராஸ் களிமண் தரையான பாரிசில் ஒன்றுகூட வாங்கவில்லை. இப்போது ஒரே ஆட்டமுறை நான்கு ஊரிலும் ஓரளவு செல்லுபடியாகிறது.

டிரா வந்ததும் பார்க்க வேண்டியது: முதல் எட்டு சீடுகளுக்கு மூன்றாவது சுற்றில் 25 முதல் 32 வரையுள்ள ஒருவர் வருவார். முதல் நான்கு பேருக்கு நான்காவது சுற்றில் 13 முதல் 16-க்குள் ஒருவர். அந்த இரண்டு பெயரையும், அந்தத் தரையில் அவர்கள் எப்படி என்பதையும் முதலில் பாருங்கள். விம்பிள்டன் 2021 முதல் உலகத் தரவரிசையை அப்படியே எடுக்கிறது, புல்தரைக்கென்று தனிக் கணக்கு இல்லை. களிமண்ணில் சேர்த்த தரவரிசைப் புள்ளியோடு வரும் ஐந்தாம் சீடை அங்கே ஐந்தாம் சீடாக நம்பாதீர்கள். முதல் வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் மைதானத்தில் நின்ற மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். அதோடு இரண்டாவது சர்வில் (முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் மறு வாய்ப்பு) பாதிப் புள்ளியாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் ஸ்வெரெவ் ஐந்தாவது செட்டில் 5-3 என்று கோப்பைக்காக சர்வ் செய்தும் முடிக்க முடியாமல் போனதற்கு அந்த இரண்டாவது சர்வ் பெரிய காரணம்.

சீடு எண் இல்லாத பெயர்களையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். காயத்தால் விலகியிருந்தவருக்குக் கிடைக்கும் பாதுகாக்கப்பட்ட தரவரிசை டிராவுக்குள் நுழைய மட்டும்தான் உதவும், சீடு தராது. 14 தடவை பிரெஞ்சு ஓப்பன் வாங்கிய நடால் 2024-இல் சீடு இல்லாமல் வந்து, முதல் சுற்றிலேயே ஸ்வெரெவுக்கு எதிரே விழுந்தது அப்படித்தான். அந்த ஆட்டத்தை ஸ்வெரெவ் நேர் செட்களில் ஜெயித்து இறுதிவரை போனார்.