பாக்ஸ்டர் டிரைவர் சீட் ஓரத்தில் மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: நான்கு மாதம் முன்பு 2010 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கறுப்பு லெதர் சீட். டிரைவர் சீட்டின் வலப்பக்க மேடு மட்டும் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கிறது, மெல்லிய வெடிப்பும் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கிறது. கார் வாஷ் கடையில் கண்டிஷனர் போடச் சொல்கிறார்கள். குஷன் கடையில் இரண்டு சீட்டையும் உரித்துப் புதுத் தோல் போடலாம் என்கிறார்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
– கோவை வாசகர்

பதில்: மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெய்ப் பக்கம் போகவே வேண்டாம்.

இந்த சீட்டில் உட்காரும்போது நீங்கள் தொடுவது தோலை அல்ல, தோலின் மேல் அடித்திருக்கும் பெயின்டை. இன்றைய கார் லெதரில் பெரும்பாலானவை இப்படித்தான். பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோலின் மேல் நிறப் பூச்சு ஒன்று, அதற்கு மேல் பாலியூரித்தேன் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு ஒன்று. தோலே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். மேலே உள்ள பூச்சு ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். பல வருடமாக எல்லா உராய்வையும் வாங்கிக்கொண்டது அந்தத் தலைமுடி அளவுப் பூச்சு.

இது புரிந்துவிட்டால் எண்ணெய் ஏன் வேண்டாம் என்பதும் புரிந்துவிடும். பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாள் போகப் போகக் காறல் வாடை அடிக்கும். வெடித்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்கும். அங்கேதான் பெரிய தொல்லை, ஏனென்றால் எண்ணெய் குடித்த தோலில் அப்புறம் வெடிப்பை அடைக்கும் பட்டியும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது. தோலுக்குத் தீனி போட வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றைய ஜாகுவார், ஃபெராரி கார்களுக்குத் தோல் கொடுத்த இங்கிலாந்தின் கானலி நிறுவனம் ‘ஹைட் ஃபுட்’ என்ற பெயரிலேயே ஒரு பசை விற்றது. அது அந்தக் காலத்துத் தோலுக்கு. உங்கள் சீட்டுக்குத் தேவை தீனி இல்லை, சுத்தம்.

சரி, ஓரம் மட்டும் ஏன் தேய்ந்தது? அடுத்த முறை காரில் ஏறும்போது உங்களையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சீட் தரையோடு தரையாக இருக்கிறது. வளைவில் உடம்பு சரியாமல் பிடிக்க இரண்டு பக்கமும் மேடு எழுப்பியிருக்கிறார்கள். இடது காலை உள்ளே வைக்கிறீர்கள், மொத்த எடையும் வலது மேட்டின் மேல் ‘தொப்’பென்று இறங்குகிறது, அங்கிருந்து சறுக்கி உள்ளே போகிறீர்கள். இறங்கும்போது அதே வழியில் திரும்பி வருகிறீர்கள். மேட்டுக்குள் இருக்கும் ஃபோம் ஒவ்வொரு தடவையும் நசுங்க, தோல் அதே கோட்டில் மடிகிறது. மடியும் கோட்டில் பெயின்ட் முதலில் விரிகிறது. பாக்கெட்டில் இருக்கும் சாவி, பெல்ட், ஜீன்ஸின் தடித்த தையல் எல்லாம் அந்த விரிசலை அரம் போல ராவுகின்றன. என்னிடம் வந்த ஒரு சீட்டில் மேட்டின் உச்சியில் மூன்று சின்னப் பிறை வடிவக் கீறல்கள் இருந்தன. உரிமையாளரின் ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் அடித்திருந்த செம்பு ரிவெட்டை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது.

நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறம், பூச்சு போய்க் கீழே உள்ள தோல் எட்டிப் பார்ப்பது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ‘வெட் ப்ளூ’ என்ற பேச்சு அடிபடும், குரோமில் பதனிட்ட ஈரத் தோல் நீலம் கலந்த சாம்பலாக இருப்பதால் வந்த பெயர். சாயம் ஆழமாக ஏறாத தோல் தேய்ந்தால் அந்தச் சாயல்தான் வெளியே வரும். அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். எல்லா பாக்ஸ்டரும் முழு லெதரில் வரவில்லை. நடுவில் அல்காந்தாரா, ஓரத்தில் ரெக்சின் என்று வந்த கார்களும் உண்டு. சீட்டின் அடியில் கைவிட்டு, மடித்து வைத்திருக்கும் ஓரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நார்நாராக, வெல்வெட் மாதிரி இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். அல்காந்தாரா தோலே அல்ல, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் உருவானது. அதில் லெதர் கண்டிஷனர் பட்டால் பஞ்சு ஒட்டி மொத்தையாகிவிடும், ஈரத் துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

தோல்தான் என்றால், வெடிப்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். முத்து மாதிரி அப்படியே நின்றால் கிளியர் கோட் இன்னும் மிச்சம் இருக்கிறது, சுத்தம் செய்தாலே போதும். உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது, ரிப்பேர் தேவை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது நிலைமைதான் என்று படுகிறது.

எப்படியானாலும் முதல் வேலை கழுவுவது. நிழலில் நிறுத்தி, சீட் ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் வாக்குவம், இல்லையென்றால் மடிப்பில் கிடக்கும் மணல் உப்புத்தாள் வேலை பார்த்துவிடும். லெதருக்கென்றே வரும் மிதமான கிளீனரை சீட்டில் அடிக்காமல் பிரஷ்ஷில் எடுத்து நுரையாக்குங்கள், ஓட்டை போட்ட லெதரில் திரவம் இறங்கினால் அடியில் உள்ள ஹீட்டர், சென்சார் வரை போகும். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்து மெதுவாகத் தேய்த்து, நுரை காயும் முன் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். குளியல் சோப்பு வேண்டாம். தோல் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 4ஐ ஒட்டி இருக்கும். குளியல் சோப்போ 9, 10 என்று காரம். அழுக்கை மாயமாக எடுக்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் வேண்டாம், அது மிக நைசான உப்புத்தாள்தான். சானிடைசர் ஈரம் காயாத கையோடு சீட்டைத் தொடுவதையும் நிறுத்துங்கள், ஆல்கஹால் பூச்சை இளக்கிவிடும்.

கழுவிய சீட் பளபளப்பு இழந்து மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பதறிப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த வகை லெதர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மங்கல்தான். மினுமினுப்பு என்று நீங்கள் நினைத்தது வியர்வை, தலை எண்ணெய், கார் வாஷில் பூசிய சிலிக்கான் பாலிஷ். அந்த பாலிஷை மறுபடி பூச விடாதீர்கள்.

இனி ரிப்பேர். தேய்ந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பழைய மெழுகு, பாலிஷ் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். நைசான உப்புத்தாளால் வெடிப்பின் உதடுகளைத் தட்டையாக்கி, வளையக்கூடிய லெதர் பட்டியை மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது, அவசரப்பட்டு ஒரே பூச்சாக அப்பினால் முதல் வாரத்திலேயே வெடிக்கும். அதன் மேல் தண்ணீரில் கரையும் லெதர் நிறம், கடைசியில் ஹார்ட்னர் கலந்த மேட் கிளியர் கோட். ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது. தெரிந்தவர் செய்தால் எங்கே ரிப்பேர் செய்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மேட்டை அழுத்தினால் திரும்பி எழாமல் பள்ளமாகவே நின்றால், உள்ளே ஃபோமும் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண்.

இரண்டு சீட்டையும் உரிப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். காரணம் பழமை மீது எனக்குள்ள பிரியம் மட்டும் அல்ல. உங்கள் 987 வரிசை பாக்ஸ்டரில் பக்கவாட்டு ஏர்பேக் ஒன்று சாய்மானத்தின் வெளி ஓரத்துக்குள்ளேயே இருக்கிறது. மோதும்போது அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும், அதற்கென்றே கணக்குப் பார்த்துத் தைத்த இடம் அது. தெரியாதவர் கெட்டி நூலால் தைத்துவிட்டால் உங்கள் விலா எலும்புக்கான பாதுகாப்பு போயிற்று. ரெடிமேட் சீட் கவருக்கும் இதேதான். உட்காரும் பகுதியின் மேடு கிழிந்தே போனால்கூட, அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்து மாற்றலாம்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கூரை திறந்த காரை வெயிலில் நிறுத்தாதீர்கள். ஃபெராரி 360இல் டாஷ்போர்டு லெதரே சூட்டில் சுருங்கிக் கண்ணாடி ஓரமாகத் தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் கவர் போட்டு வாரக்கணக்கில் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும், இடையிடையே திறந்து காற்றாட விடுங்கள்.

ரிப்பேர் முடிந்ததும் ஏறும் முறையை மாற்றுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி, மேட்டைத் தாண்டி நடுவில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்களை உள்ளே இழுங்கள். சாவி சட்டைப் பாக்கெட்டில் இருக்கட்டும். மேட்டை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் கலந்த பாதுகாப்புப் பூச்சு மெல்லிசாகக் கொடுங்கள்.

நிறம் கலக்கக் கொடுக்கும்போது ‘கறுப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், கறுப்பிலேயே பல சாயல் உண்டு. முன் பானெட்டின் அடியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் உள்ள ஸ்டிக்கரில் உள்ளலங்காரக் குறியீடு இருக்கும், அதை எழுதிக்கொண்டு போங்கள். கலந்ததை முதலில் சீட்டின் அடி ஓரத்தில் பொட்டளவு பூசி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேட்டில் கை வைக்கச் சொல்லுங்கள்.